குளிர்கிடங்கு உருளைக்கிழங்கு: சிப்ஸ் ஏன் கறுக்கிறது?



பருப்பு வாங்கும்போது ஒன்றைக் கடித்துப் பார்க்கிறோம். மிளகாயை உடைத்துப் பார்க்கிறோம். புளியை நாக்கில் வைத்துப் பார்க்கிறோம். ஆனால் ஆண்டு முழுவதும் விற்கும் உருளைக்கிழங்கை மட்டும் கண்ணால் பார்த்தே வாங்குகிறோம். தோல் சுத்தமாக இருக்கிறதா, அழுகல் இல்லையா, அளவு சமமா, விலை என்ன என்ற நான்கு கேள்விகளோடு கொள்முதல் முடிந்துவிடுகிறது. ஐந்தாவதாக ஒரு கேள்வி உண்டு: "இந்தக் கிழங்கு எங்கே, எத்தனை மாதம், எந்தக் குளிரில் இருந்தது?" இதைக் கேட்காமல் நான் பட்ட பாட்டையும், அதன் பிறகு கற்றுக்கொண்டதையும் நம் உறுப்பினர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை. நான் படித்தது பள்ளிப் படிப்புதான். ஆகவே விஞ்ஞானத்தைக் கடைக்காரர் பாஷையிலேயே சொல்கிறேன்.

ஒரு தீபாவளியில் நடந்தது

1996ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். தீபாவளி நெருக்கத்தில் ஆக்ரா பக்கத்துக் கிழங்கு ஒரு லோடு இறக்கினேன். பார்வைக்கு முதல் தரமான சரக்கு. மெல்லிய தோல், ஒரே அளவு, மூட்டைக்கு ஒன்றிரண்டு கிழங்குகூடக் கழிவு இல்லை. என்னிடம் பல ஆண்டுகளாகக் கிழங்கு எடுத்துவந்த சிப்ஸ் கடைக்காரர் ஒருவர் பத்து மூட்டை எடுத்துப் போனார்.

மறுநாள் காலையிலேயே ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார். பிரித்துப் பார்த்தால் சிப்ஸ் எல்லாம் கருகிய நிறம். ஒன்றை வாயில் போட்டேன். கசப்பு.

"அண்ணாச்சி, கிழங்கு கறுக்குது" என்றார்.

"கிழங்கைப் பாருங்க, எப்படி இருக்குன்னு. எண்ணெய் பழசாயிருக்கும், இல்லைன்னா உங்க சரக்கு மாஸ்டர் தீயைக் கூட்டி வச்சிருப்பார்" என்றேன்.

அவர் போய் இரண்டு டின் எண்ணெயை மாற்றினார். அப்போதும் கறுத்தது. மூன்றாம் நாள் மிச்சமிருந்த நான்கு மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அழுகல் இல்லாத, முளை இல்லாத சரக்கை எப்படித் திருப்பி எடுப்பது? "வித்த சரக்கைத் திரும்ப எடுக்கிற வழக்கம் இல்லையே" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பத்து மூட்டைக்கும் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அதோடு என் கடைப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை, தெரியாமல்தான் சொன்னேன். ஆனால் தெரியாமல் சொன்னதாலும் ஒருவருக்கு நஷ்டம் வரும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. எண்ணெயிலும் தப்பில்லை, தீயிலும் தப்பில்லை. தப்பு, அந்தக் கிழங்கு ஏழெட்டு மாதம் கடுங்குளிரில் படுத்திருந்ததில் இருந்தது.

கிழங்கு உயிருள்ள சரக்கு

அரிசி, பருப்பு போல உருளைக்கிழங்கு காய்ந்து அடங்கிய சரக்கு அல்ல. தோண்டி எடுத்த பிறகும் அதற்கு உயிர் இருக்கிறது, மூச்சு விடுகிறது. காற்றில் உள்ள பிராணவாயுவை உள்ளே இழுத்து, கரியமில வாயுவையும் ஈரத்தையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. காற்றோட்டம் இல்லாமல் அடுக்கிய மூட்டைக்குள் கையை விட்டால் சூடு தெரிவது இதனால்தான்.

மூச்சு விடுவதற்குத் தீனி வேண்டும். அந்தத் தீனிதான் மாவுச்சத்து. கிழங்கில் சுமார் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. ரகத்தையும் மண்ணையும் பொறுத்து 100 கிலோ கிழங்கில் ஏறத்தாழ 14 முதல் 18 கிலோ மாவுச்சத்து இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நம் 50 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 8 கிலோ.

செடி இந்த மாவை நமக்காகச் சேர்த்து வைக்கவில்லை. அடுத்த பருவத்தில் தன் முளை வளர்வதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறது. மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை போன்றது. மாலையாக இருக்கும்வரை நாக்குக்கு இனிக்காது, தண்ணீரில் கரையாது. தேவைப்படும்போது கிழங்கு தன்னிடமுள்ள நொதிகளைக் கொண்டு மாலையை அறுத்து, சர்க்கரையாக்கிச் செலவழிக்கும். நம் கடைக் கணக்கில் சொன்னால், மாவுச்சத்து பெட்டியில் பூட்டிய இருப்பு, சர்க்கரை கல்லாவில் உள்ள சில்லரை.

சாதாரண நிலையில் வரவும் செலவும் சமமாக ஓடும். மாவிலிருந்து உண்டாகும் சர்க்கரையில் கொஞ்சம் மூச்சுக்குச் செலவாகும், கொஞ்சம் மறுபடி மாவாகும். ஆகவே நன்கு முற்றிய புதுக் கிழங்கில் சர்க்கரை மிகக் குறைவாகவே இருக்கும்.

குளிரில் நடப்பது என்ன?

கிழங்கைக் குளிரில் வைத்தால் இந்தக் கணக்கு கெட்டுப்போகிறது. குளிரில் மூச்சு மந்தமாகிறது. சர்க்கரையை மறுபடி மாவாக்கும் வேலையும் தடைப்படுகிறது. ஆனால் மாவை அறுக்கும் நொதிகள் அந்த அளவுக்கு ஓய்ந்துவிடுவதில்லை. வரவு ஓடுகிறது, செலவு நின்றுவிடுகிறது. கல்லாவில் சில்லரை குவிகிறது.

முதலில் உண்டாவது நாம் கடையில் விற்கும் சீனியைப் போன்ற சுக்ரோஸ். பிறகு இன்வெர்டேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்ற இரண்டு எளிய சர்க்கரைகளாக உடைக்கிறது. குளிரில் இந்த நொதி இன்னும் சுறுசுறுப்பாகிறது. சிப்ஸ் கறுப்பதற்குக் காரணம் இந்த இரண்டு எளிய சர்க்கரைகள்தான்.

குளிர் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்க இறங்க இந்த இனிப்பு ஏறும். 2 முதல் 4 டிகிரியில் மிக அதிகம். சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரியத் தொடங்கிவிடும். இது ஒரு நோயல்ல. கரைந்த சர்க்கரை உள்ள நீர் எளிதில் உறையாது. ஆகவே குளிரிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் கிழங்கு செய்யும் தற்காப்பு இது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹெர்மன் முல்லர்-துர்காவ் என்ற தாவரவியல் அறிஞர் 1882ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

நம் மூட்டைக் கணக்குக்கு வருவோம். சிப்ஸ் தயாரிப்பாளர்கள் விரும்பும் கிழங்கில் இந்த எளிய சர்க்கரை நூற்றுக்கு 0.1 பங்கு அளவில்தான் இருக்க வேண்டும். அதாவது 50 கிலோ மூட்டையில் 50 கிராம். கடுங்குளிரில் மாதக்கணக்கில் இருந்த சில ரகங்களில் இது நூற்றுக்கு ஒரு பங்கையும் தாண்டிவிடுகிறது. அதே மூட்டையில் அரைக் கிலோ சர்க்கரை! எடை மாறவில்லை, தோல் மாறவில்லை, பார்வை மாறவில்லை. சரக்கின் குணம் மட்டும் மாறிவிட்டது. எனக்கு வந்த லோடும் இதுபோன்றதுதான்.

எண்ணெயில் நடப்பது என்ன?

கிழங்கில் சர்க்கரை மட்டுமல்ல, அமினோ அமிலங்கள் என்ற புரதத்தின் துணுக்குகளும் உண்டு. அவற்றில் அஸ்பரஜின் என்பது உருளைக்கிழங்கில் நிறைய இருக்கிறது. எளிய சர்க்கரையும் அமினோ அமிலமும் கடுஞ்சூட்டில் சேரும்போது நிறமும் மணமும் உண்டாகின்றன. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும், காபிக் கொட்டை வறுபடும்போது மணப்பதும் இந்தச் சேர்க்கையால்தான். அளவோடு இருந்தால் பொன்னிறம், நல்ல வாசனை. சர்க்கரை மிகுந்தால் கிழங்கு மொறுமொறுப்பு அடையும் முன்பே நிறம் கறுத்து, கசப்பு ஏறிவிடுகிறது. முன்னதாக எடுத்தால் சிப்ஸ் வதங்கிப்போகும், பின்னதாக எடுத்தால் கரி. எப்பேர்ப்பட்ட சரக்கு மாஸ்டராக இருந்தாலும் இந்தக் கிழங்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இதில் உடல்நலம் சம்பந்தப்பட்ட விஷயமும் உண்டு. 2002ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள், மாவுச்சத்துள்ள பண்டங்களைக் கடுஞ்சூட்டில் வறுக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற ரசாயனம் உண்டாவதைக் கண்டு அறிவித்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருட்களின் பட்டியலில் இருப்பது அது. அதே சர்க்கரையும் அஸ்பரஜினும் சேர்ந்துதான் இதுவும் உண்டாகிறது. ஆகவே சிப்ஸ் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவுக்கு இதுவும் கூடும் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஐரோப்பிய நாடுகளில் 2018 ஏப்ரல் முதல் இதற்கென்று விதிமுறை நடைமுறையில் இருக்கிறது. வறுவலுக்கான கிழங்கை 6 டிகிரிக்கு மேலான குளிரில்தான் வைக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அவித்த கிழங்கில் இந்தத் தொல்லை இல்லை. தண்ணீரில் வேகும்போது சூடு 100 டிகிரியைத் தாண்டாது. எண்ணெயில் அது 170, 180 டிகிரிக்குப் போகிறது.

அப்படியானால் ஏன் அவ்வளவு குளிரில் வைக்கிறார்கள்?

நியாயமான கேள்வி. நம் நாட்டின் கிழங்கில் பெரும்பகுதி வடக்கே விளைகிறது. உத்தரப் பிரதேசமும் மேற்கு வங்காளமும் முன்னணியில் உள்ளன. அங்கே ஐப்பசி, கார்த்திகையில் ஊன்றி, மாசி, பங்குனியில் தோண்டுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய அறுவடை. தோண்டி முடித்த உடனே கோடை வந்துவிடும். 40 டிகிரி வெயிலில் கிழங்கு எத்தனை நாள் நிற்கும்? ஆகவே ஆக்ரா, பரூக்காபாத் பகுதிகளில் வரிசை வரிசையாகக் குளிர்பதனக் கிடங்குகள். பங்குனியில் உள்ளே போன மூட்டை கார்த்திகை வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்.

தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கும். பிறகு முளைவிடத் தொடங்கும். முளைவிட்டால் சுருங்கும், எடை போகும், விலை போகும். 2 முதல் 4 டிகிரியில் முளை எழாது, அழுகலும் குறைவு. அடுத்த பருவத்துக்கு விதைக்கிழங்கு வைப்பதற்கு இந்தக் குளிரே சரி. ஒரே கிடங்கில் விதைக்கிழங்கையும் சமையல் கிழங்கையும் சேர்த்து அடுக்கும்போது, சமையல் கிழங்கும் அதே குளிருக்கு ஆளாகிறது. கிடங்குக்காரர் நோக்கில் சரக்கு அழுகாமல், முளைக்காமல் திரும்பி வந்தால் அவர் வேலை முடிந்தது. அது பிறகு எண்ணெய்ச் சட்டிக்குப் போகிறதா, குக்கருக்குப் போகிறதா என்பது அவருக்குத் தெரியாது.

இதற்கு மாற்று வழியும் இருக்கிறது. 10 முதல் 12 டிகிரியில், நல்ல ஈரப்பதத்தோடு வைத்தால் இனிப்பு அதிகம் ஏறாது. ஆனால் அந்தச் சூட்டில் முளை எழும். அதை அடக்க ஒரு மருந்தைப் புகையாக்கிக் கிடங்குக்குள் செலுத்துகிறார்கள். சுருக்கமாக சி.ஐ.பி.சி. என்பார்கள். நம் நாட்டில் சிப்ஸ் ஆலைகளுக்குப் போகும் கிழங்குக்கு இந்த முறை பரவியிருக்கிறது. ஐரோப்பாவில் 2020க்குப் பிறகு இந்த மருந்துக்கு இடமில்லை. அங்கே புதினா வகை எண்ணெய் போன்ற வேறு வழிகளுக்குப் போய்விட்டார்கள். மருந்து போட்ட கிழங்கு விதைக்கு உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரகமும் முக்கியம். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998இல் குப்ரி சிப்சோனா-1, சிப்சோனா-2 என்ற ரகங்களை வறுவலுக்கென்றே வெளியிட்டது. இவற்றில் சர்க்கரை குறைவு, மாவு அதிகம். நமக்கு நன்கு பழக்கமான குப்ரி ஜோதி போன்ற ரகங்கள் சமையலுக்கு நல்லவை. ஆனால் கடுங்குளிரில் நெடுநாள் இருந்தால் வறுவலுக்கு ஆகாது.

சர்க்கரை மறுபடி மாவாகுமா?

ஓரளவு ஆகும். குளிரிலிருந்து எடுத்த கிழங்கை 15 முதல் 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் காற்றோட்டமாக வைத்தால், தேங்கிய சர்க்கரையில் ஒரு பகுதி மூச்சுக்குச் செலவாகும், ஒரு பகுதி திரும்பவும் மாவாகும். ஆனால் முழுவதும் பழைய நிலைக்கு வரும் என்று சொல்ல முடியாது. அது ரகத்தையும் கிடங்கில் இருந்த காலத்தையும் பொறுத்தது. ஏழெட்டு மாதம் இருந்து கிழடு தட்டிய கிழங்கில் வேறொரு இனிப்பும் சேர்கிறது. முதுமையால் வரும் அந்த இனிப்பு எத்தனை நாள் வைத்தாலும் இறங்காது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். ஊட்டி, கொடைக்கானலில் 15, 20 டிகிரி இயற்கையாகக் கிடைக்கும். மதுரையிலும் திருச்சியிலும் கடைக்குள்ளேயே 30 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் மூன்று வாரம் வைத்தால் சர்க்கரை இறங்குவதற்குள் முளை எழுந்துவிடும், சுருக்கம் விழும், அழுகல் ஆரம்பிக்கும். ஆகவே "கொஞ்ச நாள் போட்டு வச்சா சரியாயிடும்" என்று சொல்லி இந்தக் கிழங்கைச் சிப்ஸ் கடைக்குத் தள்ள வேண்டாம்.

குளிர்வண்டியிலோ கிடங்கிலோ இருந்து இறங்கும் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சில்லென்ற கிழங்கின் மேல் நம் ஊர்க் காற்று பட்டதும் வியர்த்துவிடும். அந்த ஈரத்தோடு சாக்கில் கட்டி அடுக்கினால் மூன்றே நாளில் நாற்றம் எடுக்கும். நிழலில் பரப்பி, மின்விசிறி போட்டு உலர்த்திய பிறகே அடுக்குங்கள். வெயிலில் பரப்பாதீர்கள். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். பச்சையான கிழங்கில் சோலனின் என்ற நச்சு கூடும். அது விற்கத் தகுந்த சரக்கல்ல.

கறுப்பில் மூன்று வகை

"கிழங்கு கறுக்குது" என்று வாடிக்கையாளர் வந்தால், எப்போது கறுக்கிறது என்று முதலில் கேளுங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

நறுக்கி வைத்த பச்சைக் கிழங்கு கறுத்தால் அது காற்றுப் பட்டதால் வருவது. வாழைக்காய், கத்தரிக்காயிலும் இதே கறுப்புதான். தண்ணீரில் போட்டு வைத்தால் போதும். சரக்கின் மேல் குற்றமில்லை.

அவித்து ஆறிய பிறகு சாம்பல் நிறமாகக் கறுத்தால், அது கிழங்கில் உள்ள இரும்புச் சத்தும் ஒருவகை அமிலமும் சேர்வதால் வருவது. ரகமும் விளைந்த மண்ணும் காரணம். அவிக்கும் தண்ணீர் கடைசிக் கொதியில் இருக்கும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் குறையும். ருசிக்குக் கெடுதல் இல்லை.

எண்ணெயில் போட்ட பிறகு கறுத்தால் அதுதான் சர்க்கரைக் கறுப்பு. பெரும்பாலும் குளிர்கிடங்குச் சரக்கு. ஆனால் எப்போதும் அப்படியே என்று சாதித்துவிடாதீர்கள். விலை ஏறிய நேரத்தில் முற்றாமல் அவசரமாகத் தோண்டிய புதுக் கிழங்கிலும் சர்க்கரை அதிகம் இருக்கும். அதுவும் கறுக்கும். கை விரலால் தேய்த்தாலே தோல் உரிந்து வந்தால் அது முற்றாத கிழங்கு.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள்

முதலாவது, வறுத்துப் பார்ப்பது. இதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை. லோடில் பல மூட்டைகளிலிருந்து ஒவ்வொரு கிழங்கு எடுத்து, நடுவில் இரண்டு மெல்லிய வில்லை சீவி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போடுங்கள். மூன்று நிமிடத்தில் தீர்ப்பு தெரிந்துவிடும். ஒரே ஒரு கிழங்கை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இரண்டாவது, குளுக்கோஸ் பட்டை. சிறுநீரில் சர்க்கரை பார்க்க மருந்துக் கடையில் விற்கும் பட்டைதான். கிழங்கை வெட்டி, ஈரமான வெட்டு முகத்தில் பட்டையை அழுத்தி எடுத்தால் நிறம் மாறுவதைக் கொண்டு ஏறத்தாழ மதிப்பிடலாம். வெளிநாட்டு சிப்ஸ் தொழிலிலும் இந்தப் பட்டையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். துல்லியமான அளவு கிடைக்காது, இரண்டு சரக்கை ஒப்பிட உதவும்.

மூன்றாவது, உப்புத் தண்ணீர். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றேகால் கிலோ உப்பைக் கரைத்து, கழுவிய கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவு மிகுந்தது, மிதந்தால் நீர் மிகுந்தது. மாவு மிகுந்த கிழங்கு எண்ணெய் குறைவாகக் குடிக்கும், சிப்ஸ் அதிகம் தேறும். ஆனால் இந்தச் சோதனை சர்க்கரையைக் காட்டாது. மூழ்கிய கிழங்கும் எண்ணெயில் கறுக்கலாம். உப்புத் தண்ணீரில் மூழ்கியது என்பதை மட்டும் வைத்து வறுவலுக்கு உத்தரவாதம் கொடுக்கக் கூடாது.

மண்ணைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். மலைக்கிழங்குக்கு விலை அதிகம் என்பதால், பழைய கிழங்கின் மேல் செம்மண்ணைப் பூசி விற்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தோலை மண் மறைக்கலாம், எண்ணெய்ச் சட்டியில் ஒன்றையும் மறைக்க முடியாது.

எந்தக் கிழங்கை யாருக்குக் கொடுப்பது?

குளிர்கிடங்குக் கிழங்கு கெட்ட சரக்கு என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இல்லாவிட்டால் ஆவணி, புரட்டாசியில் பாதி நாட்டுக்குக் கிழங்கே கிடைக்காது. போண்டா, மசால் தோசை, குருமா, பூரிக்கிழங்கு எல்லாவற்றுக்கும் அது தாராளமாக ஆகும். கொஞ்சம் இனிப்பு தெரிந்தாலும் உப்பும் காரமும் மூடிவிடும். ஓட்டல்காரருக்கு அதைக் கொடுப்பதில் தவறே இல்லை.

சிப்ஸ், ஃபிங்கர் சிப்ஸ், மொறுமொறுவென்று வறுக்கும் பொரியல் ஆகியவற்றுக்குப் புதுச் சரக்கையோ, 10 டிகிரிக்குக் குறையாமல் வைத்த சரக்கையோ கொடுங்கள். நீலகிரியில் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்று போகம் உண்டு. கர்நாடகத்து மழைக்காலக் கிழங்கு ஆவணி, புரட்டாசி வாக்கில் வரும். வடக்கே கிடங்குச் சரக்கு ஓடும் மாதங்களில் சிப்ஸ் கடைக்காரருக்கு இவற்றைத் தேடிக் கொடுக்கலாம். கிலோவுக்கு விலை கூடத்தான் செய்யும். எண்ணெயும் கேஸும் கூலியும் வீணாவதைக் கணக்குப் பார்த்தால் அவருக்கு அதுவே லாபம்.

வேறு வழியின்றிக் கிடங்குக் கிழங்கையே வறுக்க வேண்டி வந்தால், நம் ஊர் வழக்கப்படி நேராக எண்ணெயில் சீவாமல், சீவிய வில்லையை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் போட்டு, வடித்து, துணியில் ஈரம் போக்கி வறுக்கச் சொல்லுங்கள். மேற்பரப்புச் சர்க்கரை ஓரளவு கழுவிப் போகும். சர்க்கரை மிகவும் ஏறிய சரக்குக்கு இதுவும் போதாது.

நீரிழிவு உள்ள வாடிக்கையாளர் சிலர், "கிடங்குக் கிழங்கில் சர்க்கரை இருக்காமே?" என்று பயப்படுகிறார்கள். மாவுச்சத்தும் வயிற்றுக்குள் போனால் சர்க்கரையாகத்தான் மாறுகிறது. ஆகவே புதுக் கிழங்கோ கிடங்குக் கிழங்கோ, எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்வதே நல்லது.

நினைவில் வைக்க

1. கொள்முதலின்போது ஊர், ரகம், கிடங்கில் இருந்த மாதம், குளிரின் அளவு நான்கையும் கேட்டு, பில்லிலேயே குறித்து வாங்குங்கள்.

2. ஒவ்வொரு லோடிலும் வறுத்துப் பார்த்த பிறகே "சிப்ஸுக்கு ஆகும்" என்று சொல்லுங்கள்.

3. புதுச் சரக்கையும் கிடங்குச் சரக்கையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்காதீர்கள். சட்டியில் பாதி பொன்னிறம், பாதி கறுப்பு என்று வந்தால் இரண்டும் வீண்.

4. வாங்குபவரிடம் "எதுக்குங்க கிழங்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

பிறகு நடந்தது

ஆக்ரா லோடு வந்து போன இரண்டு ஆண்டு கழித்து, கொள்முதலுக்காக மேட்டுப்பாளையம் போயிருந்தேன். அங்கே மண்டியில் ஒரு பெரியவர் பச்சைக் கிழங்கை வெட்டி என் கையில் கொடுத்து, "கடிச்சுப் பாருங்க. இனிக்குதா? இது எண்ணெய்ல கறுக்கும்" என்றார். எனக்குப் பொறி தட்டியது. ஊர் திரும்பியதும், எனக்குத் தெரிந்த வேளாண் ஆசிரியர் ஒருவரிடம் போய் விவரம் கேட்டேன். இந்தக் கட்டுரையின் முதல் பாடங்கள் அவர் சொன்னவை.

அதன் பிறகு மனம் கேட்கவில்லை. அந்தச் சிப்ஸ் கடைக்காரர் வீட்டைத் தேடிப் போய் உள்ளதைச் சொன்னேன். நான்கு மூட்டைப் பணத்தையும், அவர் கொட்டிய இரண்டு டின் எண்ணெய்ப் பணத்தையும் முன்னால் வைத்தேன். மூட்டைப் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"எண்ணெயைக் கொட்டினது நான்தானே, அதுக்கு நீங்க ஏன் கொடுக்கணும் அண்ணாச்சி? ஆனா ஒண்ணு. நீங்க தீயைக் கூட்டி வச்சிருப்பார்னு சொன்னீங்களே, அதை நம்பி எங்க சரக்கு மாஸ்டரை நான் அந்தத் தீபாவளியிலேயே கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன். பன்னிரண்டு வருஷம் என்கிட்ட இருந்தவர். அவர் மேல தப்பே இல்லைன்னு இப்பத்தானே தெரியுது" என்றார்.

அந்த மாஸ்டர் எந்த ஊருக்குப் போனார் என்று அவருக்கும் தெரியவில்லை. நானும் நான்கு பேரிடம் விசாரித்துப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. சரக்கு மாஸ்டரை நான் பார்த்ததுகூட இல்லை. தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல் சொன்ன என் ஒரு வார்த்தை அவர் பிழைப்பைக் கெடுத்தது.

அன்று முதல் என் கடையில் வடக்கத்திக் கிழங்கு மூட்டை ஒவ்வொன்றிலும் "கிடங்குச் சரக்கு" என்று எழுதிய அட்டை தொங்குகிறது. அதைப் பார்த்து வாங்காமல் போகிறவர்களும் உண்டு. பரவாயில்லை. வாங்கிப் போகிறவர் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெரிந்து வாங்கிப் போகிறார். உறுப்பினர்கள் தங்கள் கடைகளிலும் இந்த அட்டையைத் தொங்கவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.